மாரி நடுவில் ஒரு வெயில் கிழமை: திருமலைக்காரர் சொன்னவை

உப்புவெளியில் இருந்து:

டிசம்பர் பிறந்துவிட்டது, மழையைக் காணவில்லை. விடியப்புறம் போர்வை தேடுகிற குளிர், பத்து மணிக்கு மேல் உறைக்காத வெயில், பின்னேரம் வடக்கில் இருந்து காய்ந்த காற்று. இடையில் ஒரு இரவு தகரத்தில் நாலு துளி விழுந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். எங்கள் திருகோணமலைக்கு வருசம் முழுக்கக் கிடைக்கிற மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் விழுந்து முடியும், நவம்பரும் டிசம்பரும் சராசரியாக 300 மி.மீ. தாண்டுகிற மாதங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் இப்படி ஒரு கிழமை கிடைப்பது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. மாரி நடுவில் வெயில் வந்த கிழமைகளில் நீங்கள் என்ன செய்தீர்கள், அந்த வெயிலை நம்பினீர்களா, எழுதுங்கள். வயல்காரர், கடல்காரர், வீட்டைப் பார்க்கிறவர் எல்லோரும் சொல்ல வேண்டும்.

தம்பலகாமத்தில் இருந்து:

நல்ல கேள்வி தம்பி. எங்களுக்கு இது ஓடித்திரிகிற கிழமை. மாரி மழையை நம்பிப் பெரும்போகத்துக்கு விதைத்த வயல் இப்போது மட்டம் வெடிக்கிற, அதாவது பக்கக் கிளை விடுகிற பருவத்தில் நிற்கிறது, பசளை கேட்கிறது, களையும் கூடவே வளர்கிறது. மழை விடாமல் பெய்தால் யூரியா போட முடியாது, போட்டாலும் வரம்பு தாண்டி வாய்க்காலோடு போய்விடும். களைக்கு மருந்து அடித்தாலும் அப்படித்தான், அது இலையில் நின்று உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் வேண்டும், அடித்த கையோடு மழை வந்தால் மருந்துக் காசும் ஆள்கூலியும் தண்ணீரில் போனது போனதுதான். அதனால் வானம் வெளுத்த உடனே வயல் வட்டை முழுக்க எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும், மருந்தடிக்கிற மெஷின் வேண்டும், ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது.

ஒரு வருசம் இப்படித்தான் வெயில் வந்தது. வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற எங்கள் வட்டவிதானையார் முதல் நாளே வந்து, நிற்கிற தண்ணீரை இப்போதே வடியுங்கள், யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே வடித்து, களை வெளியே தெரிந்ததும் மருந்து அடித்து, பிறகு திரும்பத் தண்ணீர் கட்டி யூரியா போட்டோம். பசளை மண்ணில் பிடித்த பிறகுதான் மழை பிடித்தது. அந்தப் போகம் விளைந்ததில் பாதி அவருடைய வாய்ச்சொல்லால் வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் வெயில் நீண்டுகொண்டு போவதையும் நாங்கள் விரும்புவதில்லை. எங்கள் வயலுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்தில் இருந்து வருகிறது. மாரி மழையில் குளம் நிறையாவிட்டால் அடுத்து வருகிற கோடைச் சிறுபோகத்துக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதிலேயே சண்டை வந்துவிடும். ஒரு கிழமை தா, அதற்குப் பிறகு மழையைத் தா என்றுதான் எங்கள் கோயில் ஆதிகோணநாயகரிடம் கேட்பேன்.

சல்லியில் இருந்து:

தரையில் இருக்கிறவர்கள் வெயிலைப் பார்த்தவுடன் "கடல் நல்லாத்தானே இருக்கும்" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. வாடைக் காற்று தொடங்கினால் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் எங்கள் கரையில் அலை அடித்துக்கொண்டேதான் இருக்கும், எங்கேயோ வங்கக் கடல் நடுவில் எழும்பின அலை இங்கே வந்து உடைகிறது. நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாத்தீவுக்குப் போகலாமா என்று கேட்டு வருகிற வெளியூர்ப் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறேன், அந்தக் கடல் மே மாதத்தில் இருந்து செப்டம்பர் வரைக்கும் வருகிறவர்களுக்கானது. இப்போது தொழில் செய்கிறவர்களுக்கு உதவுவது கொட்டியாரக்குடாவும் உள்துறைமுகப் பக்கமும்தான், அங்கே காற்று மறைவு உண்டு. ஆற்றுத் தண்ணீர் கலங்கி இறங்கின பிறகு இறாலும் படும்.

வெயில் கிழமையில் எங்கள் முக்கியமான வேலை கரையில்தான். பைபர் போட்டில் வெடிப்பு இருந்தால் ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது, ரெசின் இறுக நல்ல காய்ச்சல் வேண்டும். மாரி முழுக்க இந்த ஒரு கிழமைக்காகவே தார்ப்பாயில் மூடி வைத்திருந்த போட்டைத் திருப்பிப் போட்டு, உரஞ்சி, ஒட்டி எடுப்போம். வலையும் காயும், சூடைக் கருவாடும் காயும். இதெல்லாம் செய்தாலும் காதை வானொலியில் இருந்து எடுப்பதில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே குச்சவெளிப் பக்கமாகத்தான் கரை ஏறியது, அன்றைக்குப் போட்டுகளை எல்லாம் தென்னைகளுக்குள் இழுத்துக் கட்டிவிட்டு இரவு முழுக்க விழித்திருந்தோம். 1964 டிசம்பர்ச் சூறாவளியைப் பற்றி அப்பு சொன்ன கதைகளும் இருக்கின்றன. இந்த மாதத்துக் கடலை நம்பிப் பழக்கமில்லை.

மூதூரில் இருந்து:

சல்லி அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, மலையில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மகாவலி மலைநாட்டில் இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி எங்கள் வாசலில்தான் கடலில் விழுகிறது. அங்கே கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வரும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் போன பிறகு நடந்ததை மறக்க முடியாது. எங்களுக்கு மழை குறைந்து, தப்பிவிட்டோம் என்று மூச்சு விட்ட பிறகுதான் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து வெள்ளம் ஊருக்குள் வந்தது. என் மாமி கொடியில் காயப்போட்ட உடுப்பைக்கூட எடுக்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வெயிலோ மழையோ, மாரி மாதங்களில் நீர்ப்பாசனத் திணைக்களம் போடுகிற மகாவலியின் மனம்பிட்டி நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுப்போம். முக்கியமான பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பையில், மேல் தட்டில். பயந்து வாழச் சொல்லவில்லை, வெயில் கிழமையில் அந்தப் பையைச் சரிபார்த்து வைப்பது சுலபம், தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு முடியாது.

திருமலை நகரில் இருந்து:

எனக்கு வயலும் இல்லை, கடலும் இல்லை. ஆனால் மழையில் காயாத பள்ளிச் சீருடையைக் காலையில் அயன் பண்ணியே காய வைத்த எந்த அம்மாவுக்கும் இந்தக் கிழமையின் அருமை தெரியும். மெத்தை, தலையணை, பூஞ்சணம் பிடித்த அலுமாரி, அரிசிமா எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டன. ஒரு வருசம் கார்த்திகை விளக்கீட்டு நாள் இப்படி ஒரு கிழமைக்குள் வந்தது. மற்ற வருசங்களில் படலையில் நட்ட வாழைக்குற்றி நனைந்து, ஏற்றுகிற சுடர் எல்லாம் அணைந்து, கடைசியில் விறாந்தையில் இரண்டு விளக்கோடு முடித்துவிடுவோம். அந்த வருசம் எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு வரைக்கும் எரிந்தது. பிள்ளைகள் எண்ணெய்ப் போத்தலோடு வீடு வீடாய் ஓடி, அணைந்ததை எல்லாம் திரும்பக் கொளுத்தினார்கள், பக்கத்து வீட்டு ஆச்சி தன் வாசலில் இருந்து ஒரு பிள்ளையையும் சும்மா அனுப்பவில்லை, கையில் கொழுக்கட்டை வைத்துத்தான் விட்டா.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மழை விட்டு வெயில் வரும்போது தேங்கின தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். பூச்சாடித் தட்டு, பழைய டயர், கூரைப் பீலி, இளநீர்க் கோம்பை, கொட்ட வேண்டியதை இந்தக் கிழமையே கொட்டுங்கள்.

உப்புவெளியில் இருந்து, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. ஏன் இப்படி இடைவெளி வருகிறது என்று ஒரு தங்கச்சி தனியாகக் கேட்டிருந்தா. வடகீழ்ப் பருவ மழை ஒரே சீராகப் பெய்வதில்லை, கிழக்கில் இருந்து வருகிற தாழமுக்கங்களையும் காற்றலைகளையும் பிடித்துக்கொண்டு விட்டு விட்டு வரும். ஒன்று எங்களைத் தாண்டி மேற்கே போனபின் அடுத்தது வரும்வரை சில நேரம் வடக்கில் இருந்து ஈரம் குறைந்த காற்று இழுபடும், அப்போது மேகம் உயரக் கட்டாது. காற்று கிழக்குக்குத் திரும்பி, காலையில் புழுங்க ஆரம்பித்தால் அடுத்தது கிட்ட வருகிறது என்று எங்கள் வீட்டில் கணக்கு.

தம்பலகாமத்தில் இருந்து:

தம்பி, இங்கே இன்று மத்தியானத்தில் இருந்து காற்று கிழக்கு. யூரியா மிச்சம் வைத்திருக்கிறவர்கள் நாளைக்குப் போடாமல் பொறுங்கள், வரம்பு உடைப்பு இருந்தால் இன்றிரவுக்குள் கட்டிவிடுங்கள்.