மதுரைக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு நடக்க நல்ல மலைப்பாதை எது?

கே.கே.நகர் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு 9 வயது, பாப்பாவுக்கு 5. கூட அம்மாவும் இருக்கிறார், அவருக்கு 66, முழங்கால் வலி உண்டு என்றாலும் சமதளத்தில் முக்கால் மணி நேரம் மெதுவாக நடந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எல்லோருமாகக் கிளம்பி, ஒன்றரை இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிற மாதிரி இடம் வேண்டும். கொடைக்கானல் எல்லாம் வேண்டாம், காரில் உட்கார்ந்தே பாதி நாள் போய்விடுகிறது.

போன மாதம் யானைமலை உச்சிக்கு ஏறலாம் என்று போனோம். எட்டு மணிக்குத்தான் அடிவாரமே போய்ச் சேர்ந்தோம், அதற்குள் பாறை சூடாகிவிட்டது. பாதி தூரத்தில் பாப்பா உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள், அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்தில் இறங்கும்போது எனக்குக் கை கால் நடுங்கியது. அன்றிலிருந்து பையன் "மலைன்னா நான் வரலை" என்கிறான். நான் கண்மாய்க் கரையிலும் பாறையிலும் ஓடித் திரிந்து வளர்ந்தவன், என் பிள்ளைகளுக்கு மலை என்றாலே பயம் என்று ஆகிவிட்டால் தாங்க மாட்டேன். பிள்ளைகளோடு நிஜமாகவே போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகமலை வாசி:

தம்பி, முதலில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். தேனி ரோட்டில் வந்து நாகமலை புதுக்கோட்டையில் இடது பக்கம் திரும்பினால் ஊர் வந்துவிடும். அடிவாரத்தில் அய்யனார் கோயில், அதன் பக்கத்திலேயே தாமரைக் குளம், பெரிய பெரிய ஆலமரங்கள். உங்கள் அம்மா மேலே ஏறவே வேண்டாம், குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு ஆலமரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம். காலை ஆறு மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும், நான் இருபது வருடமாகப் போகிறேன், இன்னும் சலிக்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் படி வெட்டிக் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதில் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை இருக்கிறது, அதன் பக்கத்துப் பாறையில் வரிசையாக எட்டு சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. என் பேத்தியைக் கூட்டிப் போனபோது "தலைக்கு மேல் பாம்பு படமெடுத்து நிற்கிற சிலை எத்தனைன்னு எண்ணிச் சொல்லு" என்றேன், அவ்வளவுதான், கால் வலி என்ற பேச்சே வரவில்லை. பாம்புக் குடை உள்ளவர் பார்சுவநாதர் என்கிற சமண குரு என்று அப்புறம் சொல்லிக் கொடுக்கலாம், முதலில் எண்ணட்டும்.

அதற்கு மேலே சமணத் துறவிகள் இருந்த பழைய பள்ளியின் அடித்தளமும், இன்னும் மேலே தீபத்தூணும் இருக்கின்றன. பாப்பாவோடு பேச்சிப்பள்ளம் போதும். பையனுக்குத் தெம்பு இருந்தால் நீங்களோ உங்கள் வீட்டம்மாவோ அவனை மட்டும் மேலே கூட்டிப் போகலாம், இன்னொருவர் பாப்பாவோடு சுனை ஓரம் இருக்கட்டும். எல்லோரும் உச்சிக்குப் போயே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளுக்கு உச்சி முக்கியமே இல்லை.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அதற்குக் கொஞ்சம் படிகள்தான். குகைக்கு வெளியே பாறையில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் குரு, உட்கார்ந்திருக்கிறார், காது நீண்ட அந்த உருவத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லப்போய்த்தான் அந்தப் பெயர். உள்ளே, சிங்கத்தின் மேல் ஏறி யானையோடு சண்டை போடுகிற இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் சிற்பம் இருக்கிறது. பையனுக்கு அது பிடிக்கும்.

மேலூர் மல்லிகா:

அண்ணன் சொன்னது சரி. ஆனால் கே.கே.நகரிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து போக வேண்டும், உங்களுக்கு மேலூர் ரோடு பக்கம்தான் லேசு. அரிட்டாபட்டிக்கு வாருங்கள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இல் அரசு அறிவித்த ஊர். ஏழு மலைக் குன்றுகள், நிறைய கண்மாய்கள், சுனைகள். ஊருக்கு வெளியே மலையடிவாரமாகவே நடந்தால் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் வரும். பாதை கிட்டத்தட்ட சமதளம், உங்கள் அம்மாவும் கூடவே வரலாம், அதுதான் இந்த இடத்தின் விசேஷம்.

மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கிற மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். லகர் வல்லூறு, ராஜாளி என்று இரண்டு வேட்டைப் பறவைகளும் எங்கள் மலையில் இருக்கின்றன. எல்லா நாளும் கண்ணில் படாது, ஆனால் பாறை உச்சியை ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் ஏதாவது ஒன்று வட்டமடிக்கும். ஒரு பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள், பிள்ளைகள் சண்டை போட்டுப் பார்ப்பார்கள்.

2024 கடைசியில் இங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது சுற்று ஊர்க்காரர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்தோம், 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்தார்கள். அந்த மலையைத்தான் நீங்கள் வந்து பார்க்கப் போகிறீர்கள். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள், பிஸ்கட் கவர்கூட அங்கே விழக் கூடாது. சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள், கூடு கட்டியிருக்கிற பறவை எழுந்து போய்விட்டால் முட்டை வெயிலில் வெந்துவிடும்.

ரயில்வே காலனி ரவி:

அழகர்கோவில் யாரும் சொல்லவில்லையே? கீழே பெருமாளைக் கும்பிட்டுவிட்டு பழமுதிர்சோலை வரை சுமார் மூன்று கிலோமீட்டர், இரண்டு பக்கமும் காடு, நிழல், நல்ல தார் ரோடு. அம்மாவையும் பாப்பாவையும் வண்டியில் ஏற்றி விட்டு நீங்களும் பையனும் நடக்கலாம், மேலே சேர்ந்துகொள்ளலாம். வண்டிகள் போகும் பாதை என்பதால் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடங்கள். குரங்குகள் அதிகம். கையில் பை, தின்பண்டம் எதுவும் வெளியே தெரியக் கூடாது, பாப்பா கையில் வாழைப்பழம் கொடுத்தீர்கள் என்றால் முடிந்தது. இறங்கி வந்ததும் கோயில் தோசை வாங்கிக் கொடுங்கள்.

கே.கே.நகர் அப்பா:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. அலுவலகத்தில் ஒருவர் "சிறுமலைப் பக்கம் காட்டுக்குள் நல்ல ஒத்தையடிப் பாதை இருக்கு, யாரையும் கேட்க வேண்டாம், நேராப் போயிடலாம்" என்கிறார். பையனை மட்டும் கூட்டிப் போகலாமா?

காட்டுப்பாதை:

வேண்டாம் சார். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், பிள்ளையோடு போகவே போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் தீப்பிடித்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் மனிதன் ஓடுவதைவிட வேகமாகத் தீ வரும், அதுவும் சரிவில் மேல்நோக்கி இன்னும் வேகம். எனக்கு அந்தக் காட்டில் நடந்து பழக்கம், அந்தச் செய்தி வந்த இரவு தூங்கவில்லை.

முறையாகப் போக வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி வருவார். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். எளிதான பாதையில் ஆரம்பியுங்கள், வயது விதியைப் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்றுகளுக்குப் போகும்போதும் சில விஷயம். பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு இருக்கும், சென்ட் அடித்துக்கொண்டு போகக் கூடாது, கல் எறியக் கூடாது, கீழே சருகு கொளுத்தக் கூடாது. மழை பெய்த மறுநாள் பாசி படிந்த பாறையில் ஏறாதீர்கள். செருப்பு வேண்டாம், அடியில் பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஏறும்போது பிள்ளைக்குப் பின்னாலும் இறங்கும்போது பிள்ளைக்கு முன்னாலும் நீங்கள் இருக்க வேண்டும், சறுக்கினால் உங்கள் மேல்தான் விழ வேண்டும். இந்த இடங்களில் கழிப்பறையை நம்ப முடியாது, வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாகமலை வாசி:

காட்டுப்பாதை சொன்னதை அப்படியே கேளுங்கள். சிற்பத்தின் மேல் கை வைக்கக் கூடாது, பெயர் கிறுக்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பசுமை நடை குழுவினர் இந்த மாதிரி இடங்களுக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப் போகிறார்கள், கல்வெட்டு தெரிந்தவர்கள் வந்து விளக்குவார்கள். என் மருமகள் அப்படித்தான் முதன்முதலில் போனாள்.

கே.கே.நகர் அப்பா:

போய் வந்துவிட்டோம். ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறு மணிக்குள் கீழக்குயில்குடி. அம்மா குளத்தங்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அய்யனார் முன்னால் உட்கார்ந்துகொண்டார், தாமரை பூத்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பாப்பா கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத் தானே ஏறினாள், நான் பின்னால். இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். பேச்சிப்பள்ளத்தில் நாகமலை அண்ணன் சொன்னபடி எண்ணச் சொன்னேன். அண்ணனும் தங்கையும் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லி மூன்று தடவை முதலிலிருந்து எண்ணினார்கள். பையனும் அவன் அம்மாவும் தீபத்தூண் வரை போனார்கள், அங்கிருந்து எங்களைப் பார்த்துக் கத்திக் கை ஆட்டினான்.

எட்டரைக்குக் கீழே வந்துவிட்டோம், பாறை அப்போதுதான் சுட ஆரம்பித்திருந்தது. செட்டிப்புடவு போகவில்லை. வண்டியில் ஏறியதும் பையன் "அந்தச் சிங்கத்தை எப்பப் பாக்கப் போறோம்" என்று கேட்டான். அடுத்த ஞாயிறு அதுதான். மல்லிகா அக்கா, மார்கழியில் அரிட்டாபட்டி வருகிறோம், பைனாகுலர் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேலூர் மல்லிகா:

வாங்க தம்பி. கண்மாயில் தண்ணீர் ஏறியதும் இங்கேயே எழுதுகிறேன், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.