உடும்புப் பிடி பிடித்தும் பாதியிலேயே விழுகிறேன்

கேள்வி:
மூன்று மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள் உள்ளரங்கச் சுவரில் போல்டரிங் (கயிறு இல்லாமல் உயரம் குறைந்த சுவரில் ஏறுவது) ஏறுகிறேன். வயது 36. வி1 தடங்கள் (வி0-இலிருந்து எண் கூடக் கூடத் தடம் கடினம்) முடிந்துவிடும். வி2-இல் ஐந்தாவது பிடியைத் தாண்டினால் முன்கை இரண்டும் கல்லாகிவிடுகிறது, விரல் தானாகத் திறந்துகொள்கிறது. இறங்கி வந்தால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது. அதே தடத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி ஜடையை ஆட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறாள்! நான் எட்டு புல்-அப் எடுப்பேன். அவள் ஒன்றாவது எடுப்பாளா, தெரியாது. ஹேங்போர்டு (விரலால் தொங்கிப் பழகும் பலகை) வாங்கி மாட்டி விரல் பலத்தைக் கூட்டலாமா? மோதிர விரலின் அடியில் லேசான வலியும் உண்டு.

பதில் 1:
ஹேங்போர்டு இப்போது வேண்டாம். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கைப்பலம் இல்லை, அதனால் காலை நம்பி ஏறுகிறாள். நமக்குக் கொஞ்சம் பலம் இருப்பதுதான் வினை.

முதல் வருடம் முழுக்க நானும் கையாலேயே ஏறினேன். ஒருநாள் நண்பர் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினார். கண் எப்போதும் அடுத்த பிடியின் மேல், கால் மட்டும் பூனை கதவைப் பிறாண்டுவதுபோல் சுவரைப் பிறாண்டுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

அப்புறம் இரண்டு வாரம் வி0 மட்டும்தான் ஏறினேன். கால் போய் உட்காரும்வரை கால்பிடியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, ஷூ சுவரில் தட்டும் சத்தம் கேட்கக் கூடாது. சத்தம் கேட்டால் முதலிலிருந்து. பாதத்தின் நடுவை வைக்காமல் பெருவிரல் நுனியில் நில்லுங்கள். நுனியில் நின்றால்தான் குதிகாலைத் திருப்பி இடுப்பைச் சுவரோடு ஒட்ட முடியும். இடுப்பு ஒட்டியதும் எடை காலுக்கு இறங்குவது உங்களுக்கே தெரியும். கையை நீட்டியே வைத்திருங்கள். முழங்கையை மடக்கித் தொங்கினால் தசைக்கு ஓய்வே கிடையாது.

உடும்புப் பிடியையும் விடுங்கள். இறுக்க இறுக்க முன்கையில் ரத்த ஓட்டம் தடைப்படுகிறது, கை கல்லாவது அதனால்தான். நல்ல பெரிய பிடியில் நின்றுகொண்டு விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பாருங்கள். நழுவப்போகும் இடம் நீங்கள் நினைத்ததைவிட ரொம்பத் தள்ளி இருக்கும்.

ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று நான்கு நிமிடம் உட்காருங்கள். விழுந்ததும் கோபத்தில் உடனே ஏறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் 2:
விரல் வலியை லேசாக எடுக்காதீர்கள். தசைநாணை விரல் எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டைகள் உண்டு. சின்ன விளிம்பை விரல் மூட்டைக் கூர்மையாக மடக்கி, மேலே கட்டைவிரலைப் பூட்டிப் பிடிக்கும்போது பாரம் முழுக்க அவற்றின் மேல்தான். தசை சில வாரத்தில் தேறிவிடும், இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். வலி போகும்வரை பெரிய பிடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீக்கம் வந்தாலோ 'டப்' என்று சத்தம் கேட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். டேப் சுற்றிக்கொண்டு ஏறுவது வைத்தியம் ஆகாது.

பதில் 3:
கேட்காததைச் சொல்கிறேன். விழுவதற்கும் பழகுங்கள். நான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டது வெறும் ஒரு மீட்டர் உயரத்தில், பின்னால் கையை ஊன்றி. இரண்டு காலிலும் இறங்கி, முழங்காலை மடக்கி, அப்படியே முதுகில் உருண்டுவிடுங்கள். கை மார்போடு இருக்கட்டும். முடிந்தபோதெல்லாம் குதிக்காமல் பிடி பிடியாக இறங்கி வாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பத்து நாள் ஆயிற்று. வி0-இல் சத்தமில்லாமல் ஏறுவது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை, வெட்கமாகக்கூட இருந்தது. வி2 இன்னும் முடியவில்லை, ஆனால் நேற்று எட்டாவது பிடி வரை போனேன். மூடியை நானே திறந்தேன். விரல் வலி குறைந்திருக்கிறது. இன்னொன்று: நுனியில் நின்றால் பெருவிரல் உயிர் போகிறது. ஷூ அப்படித்தான் இருக்குமா?

பதில் 1:
விரல் லேசாக மடங்கி, உள்ளே இடமில்லாமல் இருந்தால் சரி. உயிர் போகிறதென்றால் அளவு சின்னது, மாற்றுங்கள். உட்காரும்போதெல்லாம் கழற்றியும் வையுங்கள்.