கல்யாண வீடியோவிலிருந்து சினிமா எடிட்டிங், விஎஃப்எக்ஸ் பக்கம் வர இணையத்தில் எங்கே கற்கலாம்?

திண்டுக்கல்_எடிட்:

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் 4 வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எடியஸ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் மட்டும்தான் தெரியும். மூன்று கேமரா ஃபுட்டேஜைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரே ராத்திரியில் ஹைலைட்ஸ் முடித்துவிடுவேன். கையில் வேகம் இருக்கிறது.

போன மாதம் நண்பர்கள் தாங்கள் எடுத்த குறும்படத்தை எடிட் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். டீக்கடையில் அண்ணனும் தம்பியும் பேசுகிற ஒரே சீன். அண்ணன், "வண்டியை வித்துட்டேன்டா" என்று சொல்லுவான். அதுதான் படத்தின் முக்கியமான இடம். யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தை வைத்து மாற்றி மாற்றி வெட்டினேன். எங்கேயும் தவறு இல்லை, ஆனால் ஓட்டிப் பார்த்தால் உயிரே இல்லை. அதே சீனில் பின்னால் தெரியும் கடைப் பெயர்ப்பலகையையும் மாற்றச் சொன்னார்கள். கேமரா கையில் பிடித்து எடுத்தது. நான் ஒட்டிய பலகை மிதந்துகொண்டே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தால் ஒன்றரை லட்சம் என்றார்கள். தங்கை படிக்கிறாள், இப்போதைக்கு முடியாது. யூடியூபில் தேடினால் ஆயிரம் வீடியோ வருகிறது, எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஐ5, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. ஆங்கிலம் படித்தால் புரியும், வேகமாகப் பேசினால் புரியாது. எடிட்டிங், விஎஃப்எக்ஸ் இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

சாலிகிராமம்_ரோட்டோ:

தம்பி, நான் 9 வருடமாக விஎஃப்எக்ஸில் இருக்கிறேன். ரோட்டோவில் (ஷாட்டில் ஒரு ஆளையோ பொருளையோ ஃப்ரேம் ஃப்ரேமாக விளிம்பு வரைந்து பிரிப்பது) ஆரம்பித்து இப்போது காம்பாசிட்டிங் (தனித்தனிப் படங்களை ஒரே ஷாட்டாகச் சேர்ப்பது) செய்கிறேன். நானும் காசு கட்டிப் படிக்கவில்லை.

முதலில் ஒரு விஷயம். வேலைக்கு வருவதற்கு முன் ஒன்றரை வருடம் டுடோரியல் பார்த்தேன். நோட்டு நிறையக் குறிப்பு. அப்புறம் ஒரு ஸ்டூடியோவில் டெஸ்ட் கொடுத்தார்கள்: ஒருவர் நடந்து வருகிற 96 ஃப்ரேம் ஷாட், ரோட்டோ செய்ய வேண்டும். ஆளைச் சுற்றி ஒரே ஷேப் போட்டு, ஃப்ரேம் ஃப்ரேமாகப் புள்ளிகளை நகர்த்தினேன். ஓட்டிப் பார்த்தால் விளிம்பு உலைத்தண்ணீர் மாதிரி கொதித்தது. தேறவில்லை. தலை, கழுத்து, தோள், மேல்கை, முன்கை, விரல்கள் என்று தனித்தனி ஷேப்பாகப் பிரித்து, கால் தரையில் படுகிற ஃப்ரேம், கை முழுதாகப் பின்னால் போகிற ஃப்ரேம் என அசைவு திரும்புகிற இடங்களில் மட்டும் முதலில் கீ போட வேண்டும், அதாவது அந்த ஃப்ரேமில் ஷேப்பின் நிலையைப் பதிய வேண்டும். பிறகு நடுவில் ஒன்று, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இது எனக்கு டுடோரியலில் கேட்டபோதே தெரியும். கைக்கு மட்டும்தான் தெரியவில்லை. அதனால் பாடம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிற அளவுக்கு, பயிற்சி செய்ய ஃபுட்டேஜ் எங்கே கிடைக்கும் என்றும் தேடுங்கள்.

சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ் போதும், இலவசப் பதிப்பே போதும். அதை வெளியிடும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் தளத்தில் ட்ரெய்னிங் என்று ஒரு பக்கம் இருக்கிறது. எடிட்டிங், கலர், சவுண்டு, விஎஃப்எக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம், பிடிஎஃப்பாக இலவசம். கூடவே அந்தப் பாடத்துக்கான ஃபுட்டேஜும் தருகிறார்கள். உங்களுக்குப் படித்தால் புரியும் என்கிறீர்கள், அப்படியானால் யூடியூபை விட இதுதான் உங்களுக்கு ஏற்றது. ஒரு பக்கம் படி, அதையே டைம்லைனில் செய், அடுத்த பக்கம். நான் வேறு யாருக்கும் இதைத் தாண்டி வேறொன்றை முதலில் சொல்வதில்லை.

ரிசால்வுக்குள்ளேயே ஃப்யூஷன் என்று விஎஃப்எக்ஸுக்கான பக்கம் இருக்கிறது. உங்கள் பெயர்ப்பலகைக்கு அதில் பிளானர் டிராக்கர் என்ற நோடு (கருவி), தட்டையான பரப்பின் அசைவைப் பின்தொடரும். பலகை தெளிவாகத் தெரிகிற ஒரு ஃப்ரேமை ரெஃபரன்ஸாக வைத்து, பலகையைச் சுற்றிக் கட்டம் வரைந்து டிராக் செய்யுங்கள். முடிந்ததும் கார்னர் பின் (படத்தின் நான்கு மூலைகளையும் பொருத்தும்) முறைக்கு மாற்றி, புதுப் பலகைப் படத்தை அதில் இணையுங்கள். மிதப்பது நின்றுவிடும். ஆனாலும் ஒட்டவைத்தது போலத்தான் இருக்கும், ஏனென்றால் புதுப் பலகையின் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். டீக்கடைப் புகையிலும் வெயிலிலும் அந்தத் தூரத்தில் எதுவும் முழுக் கறுப்பாகத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற நிழலைப் பார்த்து உங்கள் கறுப்பை அந்த அளவுக்குத் தூக்குங்கள். பின்னணி ஃபோகஸில் இல்லையென்றால் அதே அளவு பிளர், கடைசியாகக் கொஞ்சம் கிரெய்ன் (கேமராப் படத்தில் தெரியும் நுண்புள்ளிகள்). வியூவரின் வெளிச்சத்தை ஏற்றிப் பாருங்கள், பொருந்தாத இடம் உடனே காட்டிக்கொடுக்கும்.

பயிற்சி ஃபுட்டேஜுக்கு இரண்டு இடம். பிளெண்டர் ஃபவுண்டேஷன் 2012இல் 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்று ஒரு குறும்படம் எடுத்தது, பிளெண்டரில் விஎஃப்எக்ஸ் செய்ய முடியும் என்று காட்டவே எடுத்த படம். கேமராவில் பதிவான ஃப்ரேம்களையே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். கிரீன் மேட் (பச்சைத் திரை) ஷாட்கள் எல்லாம் அதில் உண்டு. ஃபைல் பெரிது, ஒரு ஷாட்டை மட்டும் இறக்குங்கள். இரண்டாவது, ஆக்‌ஷன்விஎஃப்எக்ஸ் தளத்தில் பயிற்சிக்கென்றே இலவச ஷாட்கள் இருக்கின்றன. ஃப்யூஷன் கைக்கு வந்த பிறகு நியூக் பழகுங்கள், பெரிய ஸ்டூடியோக்களில் காம்பாசிட்டிங் அதில்தான். அதை வெளியிடும் ஃபவுண்ட்ரி நிறுவனம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு தருகிறது. எச்டி அளவுக்கு மேல் ரெண்டர் ஆகாது, கற்றுக்கொள்ள அது தடையே இல்லை.

வடபழனி_அசிஸ்டென்ட்:

அக்கா விஎஃப்எக்ஸ் பக்கத்தை முழுதாகச் சொல்லிவிட்டார். நான் எடிட்டிங் பற்றி மட்டும். அசிஸ்டென்ட் எடிட்டராக 6 வருடம்.

கல்யாண வீடியோவில் எது நடக்கிறதோ அதைக் காட்டியாக வேண்டும். தாலி கட்டும்போது தாலியைத்தான் காட்ட முடியும். அந்தப் பழக்கத்தில்தான் பேசுகிறவர் முகத்திலேயே நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். "வண்டியை வித்துட்டேன்டா" என்கிற இடத்தில் கதை அண்ணனிடம் இல்லை, கேட்கிற தம்பியிடம் இருக்கிறது. அந்த வரிக்கு முன்னாலேயே தம்பியின் முகத்துக்குப் போய்விடுங்கள். அண்ணன் குரல் தம்பி முகத்தின் மேல் ஓடட்டும். வரி முடிந்த பிறகும் வெட்டாமல் இருங்கள். தம்பியின் கண் எப்போது மாறுகிறதோ அதுவரை.

இதைப் பழக, பிடித்த படத்தில் ஒரு சீனை எடுத்து சவுண்டை அணைத்துவிட்டு 5 தடவை பாருங்கள். ஒவ்வொரு கட் வரும்போதும் மேசையில் தட்டுங்கள். எங்கே தட்டத் தவறுகிறீர்களோ அந்தக் கட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்று நிறுத்திப் பார்க்கலாம். யூடியூபில் 'எவ்ரி ஃப்ரேம் எ பெயின்டிங்' என்ற சேனலில் ஒரு எடிட்டர் எப்படி யோசிக்கிறார், எப்படி உணர்கிறார் என்று 2016இல் ஒரு வீடியோ வந்தது. 10 நிமிடம்கூட இல்லை, சப்டைட்டிலோடு பாருங்கள். நடிகரின் கண்ணைப் பார்த்து வெட்டுவது பற்றி அதில் நன்றாக வருகிறது. எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத் சாரின் நேர்காணல்களும் தேடினால் கிடைக்கும், நிதானமாகப் பேசுவார்.

பல டேக் கொண்ட டயலாக் ஃபுட்டேஜ் இலவசமாகக் கிடைப்பது அரிது. எடிட்ஸ்டாக் என்ற தளத்தில் விற்கிறார்கள், ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம். உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு டீக்கடை சீன் இருக்கிறது. எல்லா டேக்கையும் முதலிலிருந்து கடைசி வரை, கிளாப் அடிப்பதிலிருந்து கேமரா ஆஃப் ஆகும் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வெட்டுங்கள்.

மதுரை_கலரிஸ்ட்:

16 ஜிபி ரேமில் ரிசால்வ் ஓடும், ஆனால் 4 ஜிபி கார்டில் 4கே ஃபுட்டேஜைப் போட்டு ஃப்யூஷன் திறந்தால் ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்று நின்றுவிடும். டைம்லைனை 1080இல் வையுங்கள், எல்லா கிளிப்புக்கும் பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் சிறிய அளவு நகல்) போடுங்கள், கடைசியில் மட்டும் ஒரிஜினலில் ரெண்டர். மெனு பெயர்களை ஆங்கிலத்திலேயே மனதில் வையுங்கள், வேலையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

திண்டுக்கல்_எடிட்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. 12 நாள் கழித்து எழுதுகிறேன். எடிட்டிங் புத்தகத்தில் பாதி வந்துவிட்டேன், ராத்திரி ஸ்டூடியோ வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம்.

வடபழனி அண்ணா, நீங்கள் சொன்னபடி எல்லா டேக்கையும் கடைசி வரை ஓட்டினேன். மூன்றாவது டேக்கில் டைரக்டர் "கட்" சொன்ன பிறகும் கேமரா 3 விநாடி ஓடியிருக்கிறது. தம்பியாக நடித்தவன் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸைக் குடிக்காமல் பெஞ்சில் வைக்கிறான், விரலை எடுக்கவில்லை. "கட்" என்ற குரலை எடுத்துவிட்டு, கடையில் தனியாகப் பதிவு செய்திருந்த பாய்லர் சத்தத்தை அங்கே நிரப்பி, அந்த 3 விநாடியையும் வைத்துவிட்டேன். படம் எடுத்தவர்களிடம் காட்டினேன். இப்படி ஒன்று எடுத்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

அக்கா, பலகை இப்போது மிதக்கவில்லை. கறுப்பைத் தூக்கியதும் உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஒருவர் குறுக்கே சைக்கிளில் போகிறார், அவர் வரும்போது டிராக் பிடுங்கிக்கொள்கிறது. பலகையும் அவர் முகத்துக்கு முன்னால் தெரிகிறது.

சாலிகிராமம்_ரோட்டோ:

அது இரண்டு தனி வேலை, தம்பி. டிராக்கருக்கு அக்லூஷன் மாஸ்க் என்று ஒரு இன்புட் இருக்கிறது. சைக்கிள்காரர் வரும் ஃப்ரேம்களில் அவரைச் சுற்றித் தளர்வாக ஒரு ஷேப் வரைந்து அதில் கொடுங்கள், அந்த இடத்தைப் பார்க்காமல் டிராக் செய்யும். இதற்குத் துல்லியம் தேவையில்லை. பிறகு அவரைப் பலகைக்கு முன்னால் கொண்டுவர, ஒழுங்கான ரோட்டோ. தலை, உடம்பு, கை, ஹேண்டில்பார் தனித்தனியாக. வேகமாகப் போனால் விளிம்பு கலங்கியிருக்கும், அங்கே ஷேப்பில் மோஷன் பிளரைப் போடுங்கள். எத்தனை ஃப்ரேம் குறுக்கே வருகிறார்? 30க்குள் என்றால் இரண்டு ராத்திரி வேலைதான். முடித்ததும் மேட்டை, அதாவது ரோட்டோவில் வெட்டிய வடிவத்தை, கறுப்பு வெள்ளையாகத் தனியாக ரெண்டர் செய்து இங்கே போடுங்கள், எந்தெந்த ஃப்ரேமில் ஆடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.