80 டாலர் பிரச்சனை இல்ல, டெமோ இல்லாததுதான் பிரச்சனை

கட்டைவிரல்:
நிண்டெண்டோவோட மரியோ கார்ட் வேர்ல்ட் கேம் 80 டாலர்னு 2025-ல அறிவிச்சதுல இருந்து ஒரே ஒப்பாரி. என் கட்சியைச் சொல்லிடறேன், அடிக்க வர்றவங்க வரலாம். விலை ஏறினதுல எனக்குப் பெரிய வருத்தம் இல்ல. 2005-ல எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் வந்தப்போ கேம் 60 டாலர். அந்தக் காசோட இன்னிய மதிப்பு கிட்டத்தட்ட 100 டாலர். 70-க்கு ஏறவே 2020 ஆச்சு.

என் கோவம் வேற. வாங்கறதுக்கு முன்னாடி தொட்டுப் பார்க்க டெமோ, அதாவது கேமோட ஒரு துண்டை இலவசமா ஆடிப் பார்க்கற வழி, இல்ல. 1993-ல டூம் கேம் வந்தப்போ முதல் எபிசோட் முழுசும் இலவசம். ஒன்பது லெவல்! காப்பி எடுத்து ஊருக்கே குடுங்கன்னு விட்டுட்டாங்க. மிச்ச எபிசோட் வேணும்னா காசு அனுப்பணும். இன்னிக்கு என்ன கிடைக்குது? டிரெய்லர், முன்பதிவு, முன்பதிவு பண்ணா தங்கக் கலர்ல ஒரு துப்பாக்கி. மாம்பழக்காரர்கூட ஒரு கீத்து அறுத்துக் கையில குடுத்துட்டுத்தான் விலை பேசறார்.

பிழைதிருத்தி:
மாம்பழத்தை அறுக்க ஒரு கத்தி போதும் ப்ரோ. நான் சின்ன ஸ்டுடியோல வேலை பார்க்கறவன், அதனால சொல்றேன். டெமோன்னா கேம்ல இருந்து ஒரு துண்டைத் தனியா வெட்டணும். புதுசா வர்றவனுக்குப் பத்து நிமிஷத்துல கன்ட்ரோல் புரியவைக்கணும். தனி டெஸ்டிங், கன்சோல்னா தனி அனுமதி. இதெல்லாம் எப்போ? ரிலீஸுக்கு முன்னாடி, மொத்த டீமும் ராத்திரி தூங்காம பக் அடிச்சிட்டு இருக்கற மாசத்துல.

2013-ல டைஸ்ங்கற கேம் துறை மாநாட்டுல கேம் டிசைனர் ஜெஸ்ஸி ஷெல் ஒரு வரைபடம் காட்டினார். எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள்ல டிரெய்லர் மட்டும் விட்டது நல்லா வித்தது, டெமோவும் விட்டது பாதிதான் வித்தது. உங்க கணக்குப்படியே சொல்லணும்னா, ஒரு கீத்துலயே ஆசை தீர்ந்தவன் பழம் வாங்கமாட்டான்.

கட்டைவிரல்:
அந்த வரைபடத்தை வெச்சுத்தான் எல்லா கம்பெனியும் டெமோவைக் கைகழுவுச்சு. ஆனா அது எதைக் காட்டுது? டெமோ ஆடிட்டு வேணாம்னு போனவன், டெமோ இல்லன்னா காசு குடுத்து ஏமாந்திருப்பான். வித்தவனுக்கு நஷ்டம்னா வாங்கறவனுக்கு அதுதானே லாபம்?

ஒழுங்கா செஞ்சா விக்கவும் செய்யும். ஆக்டோபாத் டிராவலர்ல மூணு மணி நேர டெமோ, ஆடின சேவ் அப்படியே முழு கேமுக்குப் போகும். டிராகன் குவெஸ்ட் 11 எஸ்-ல பத்து மணி நேரம் இழுத்து ஆடலாம். 2023-ல ஃபைனல் ஃபேன்டஸி 16 கதையோட தொடக்கத்தையே டெமோவா விட்டாங்க. பெரும்பாலும் தனியா வெட்டி ஒட்டலை. கேமோட ஆரம்பத்தைத் திறந்துவிட்டு ஒரு இடத்துல கதவைச் சாத்தினாங்க, அவ்வளவுதான்.

சேல்_சாமி:
எதுக்குடா சண்டை. விஷ்லிஸ்ட்ல போடு, ஒரு வருஷம் பொறு, பாதி விலை. அவசரமா வாங்கினா ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில ரீஃபண்ட் இருக்கு. 2015-ல இருந்து 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மியா ஆடியிருந்தா காசு திரும்பி வருது. அதுவே டெமோதானே?

கட்டைவிரல்:
சாமி, அந்த ரெண்டு மணி நேரக் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு பார்த்திருக்கியா? ப்ளே அமுக்கின உடனே ஸ்டார்ட். ஷேடர் கம்பைல், அதாவது கேம் ஓட கிராஃபிக்ஸைத் தயார் பண்றது, இருபது நிமிஷம், அதுவும் கணக்குல. அப்புறம் மூக்கை அரை இஞ்ச் இழு, புருவத்துக்குக் கலர் மாத்துன்னு கேரக்டர் செய்யறதுல அரை மணி. தள்ளிவிட முடியாத கட்சீன், அதாவது நடுவுல வர்ற கதைக் காட்சி. வாளைக் கையில எடுக்கறப்போ ஒண்ணே கால் மணி போயிருக்கும். சின்ன டீம் செஞ்ச நாலு மணி நேரக் குட்டி இண்டி கேமுக்கு அந்த விதி தாராளம், கேரக்டரை வளர்த்து ஆடற 80 மணி நேர ஆர்பிஜிக்கு அது எந்த மூலைக்கு? அதுவும் காசை முதல்ல கட்டிட்டுத்தான். பல கன்சோல் கடைகள்ல இந்த அளவுகூடக் கிடையாது. நான் ஒரு கடையில கேட்டப்போ, டவுன்லோட் பண்ணிட்டீங்க, ஒண்ணும் செய்யமுடியாதுன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

மதுர_பேடு:
"விலை ஏறினதுல வருத்தம் இல்ல"ன்னு முதல் பதிவுல எழுதியிருக்கீங்களே அண்ணே, டாலர்ல சம்பளமா? பிஎஸ்5 கன்சோல் வந்ததுல இருந்து சோனியோட பெரிய கேம் 4,999 ரூபா. எங்க ஊர்ல அதுல ரெண்டு வாரத்துக்கு மளிகையும் காய்கறியும் வாங்கிடலாம். அமெரிக்கப் பணவீக்கக் கணக்கை இங்க கொண்டுவந்து நியாயம் பேசாதீங்க. ஸ்டீம் 2015-லயே ரூபாயில விலை போட ஆரம்பிச்சிருச்சு. ஆனா எவ்வளவுன்னு முடிவு பண்றது கேமை வெளியிடற பப்ளிஷர். டாலரை அப்படியே பெருக்கிப் போடறவனும் இருக்கான், ஊரைப் பார்த்துப் போடறவனும் இருக்கான். எங்களுக்கு அதுதான் முதல் பிரச்சனை. டெமோவெல்லாம் அப்புறம்.

கட்டைவிரல்:
அந்த விலை நமக்குச் சுமைதான், இல்லங்கலை. ஆனா உங்க நிலைமையிலதான் டெமோ இன்னும் அவசியம் தம்பி. மாசம் ஒண்ணு வாங்கறவன் ஒண்ணு சொதப்பினா அடுத்ததுக்குப் போயிடுவான். வருஷத்துக்கு ஒண்ணு வாங்கறவனுக்கு அந்த வருஷமே போச்சு.

பழைய_டிஸ்க்:
டிஎல்சி, அதாவது கேமுக்கு மேல தனியா விக்கற கூடுதல் பகுதி, அந்தக் கொள்ளையைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே. 2006-ல ஆப்ளிவியன் கேம்ல குதிரைக்குக் கவசம், ரெண்டரை டாலர். ஊரே சிரிச்சுது. சிரிச்சவங்கதான் அப்புறம் வரிசையில நின்னு கேரக்டருக்கு அலங்கார ஸ்கின் வாங்கினாங்க. 2012-ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்: 12 கேரக்டர் டிஸ்க்லயே இருக்கு, பூட்டு போட்டு. நான் காசு குடுத்து வாங்கின டிஸ்க், என் கையில இருக்கு, அதைத் திறக்க மறுபடி காசு! அதே வருஷம் மாஸ் எஃபெக்ட் 3-ல ரிலீஸ் அன்னிக்கே 10 டாலர் டிஎல்சி. அதுல வர்ற ஜாவிக் சும்மா ஒரு துணைக்கு ஆள் இல்ல, மூணு கேமா பேசிட்டு வந்த புரோத்தியன் இனத்துல மிஞ்சின ஒரே ஆள். அவனைக் கதையில இருந்து உருவி எடுத்துத் தனியா விக்கறான்னா என்ன சொல்ல?

பிழைதிருத்தி:
பூட்டு போட்ட டிஸ்க்குக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா முதல் நாள் டிஎல்சின்னாலே திருட்டுன்னு சொல்றது தப்பு. கேமை டிஸ்க்ல அடிக்கக் குடுத்துட்டா ரிலீஸ் வரைக்கும் பல வாரம் இருக்கு. பக் திருத்தறவனுக்கு வேலை இருக்கும், ஓவியம் வரையறவனுக்கும் கதை எழுதறவனுக்கும் என்ன வேலை? சும்மா உக்கார வெச்சா அடுத்த மாசம் ஆட்குறைப்பு. அந்த இடைவெளியில அவங்க செய்யறதுதான் பல டிஎல்சி.

செலவையும் பாருங்க. 2023-ல ஆக்டிவிஷன் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கறதை எதிர்த்த வழக்குல, சோனி தாக்கல் பண்ண ஆவணத்துல எண்களை எல்லாம் மார்க்கர் பேனாவால அடிச்சிருந்தாங்க. ஸ்கேன் பண்ணா அந்த மையோட அடியில பளிச்சுன்னு தெரியுது! லாஸ்ட் ஆஃப் அஸ் 2-க்கு ஏறக்குறைய 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21 கோடி. இதை 70 டாலர் மட்டும் வாங்கி எடுக்கணும்னா எத்தனை லட்சம் காப்பி விக்கணும்?

கட்டைவிரல்:
22 கோடி செலவு பண்ணச் சொல்லி யார் கேட்டா? ஹாலோ நைட் கேமை ஆஸ்திரேலியாவுல மூணு நாலு பேர் செஞ்சாங்க. 15 டாலர், அதுக்கு மேல வந்த பேக் எல்லாம் இலவசம். அதோட அடுத்த பாகம் சில்க்சாங் 20 டாலர்தான். 2025 செப்டம்பர்ல அது வந்த நிமிஷம் ஸ்டீமே படுத்துருச்சு.

டிஎல்சியே வேணாம்னு நான் சொல்லலை. விட்சர் 3-யோட பிளட் அண்ட் வைன் டிஎல்சி 20 டாலர். அதுக்குள்ள புது நாடே இருக்கு. 2016 கேம் அவார்ட்ஸ்ல முழு கேம்களை எல்லாம் தள்ளிட்டு சிறந்த ஆர்பிஜி விருதை அதுதான் தட்டிட்டுப் போச்சு. எல்டன் ரிங்குக்கு 2024-ல வந்த விரிவாக்கம் 40 டாலர், யாரும் முணுமுணுக்கலை. ஏன்? ரெண்டுமே முதல் கேமை முழுசா ஆடி முடிச்சவங்கிட்ட வந்து நின்னுது. அவனுக்குக் கடையும் தெரியும், சரக்கும் தெரியும். முழு கேமே அவனுக்கு டெமோ. ஜாவிக்கை வாங்கறவன் இன்னும் மெனுவையே தாண்டலை.

பிழைதிருத்தி:
மூணு நாலு பேர் சரி, சில்க்சாங்குக்கு எத்தனை வருஷம் காத்துக் கிடந்தீங்க? ஒரு ஹாலோ நைட்டைச் சொல்றீங்க, அதே மாதிரி செஞ்சு நூறு காப்பிகூட விக்காம மூட்டை கட்டினவங்களை யார் எண்ணறது. ஆனா ஒண்ணு, சின்ன டீமுக்கு டெமோ உதவுதுங்கறது உண்மை. வரப்போற கேம்களைக் காட்டற ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழா ஒவ்வொண்ணுக்கும் டெமோ குவியுது. எங்களுக்கு விளம்பரத்துக்குக் காசில்ல, அதனால விடறோம். பெரியவங்களுக்கு டிரெய்லரே போதும், அவங்க ஏன் விடணும்?

பழைய_டிஸ்க்:
பெரியவங்க டெமோவுக்கும் காசு கேக்கறாங்க, அதைச் சொல்லுங்க. நிண்டெண்டோவோட சுவிட்ச் 2 கன்சோலை விளக்கிக் காட்டற வெல்கம் டூர் 10 டாலர். மெஷினை வாங்கினவன், மெஷின் என்ன செய்யும்னு தெரிஞ்சுக்க இன்னும் 10 டாலர் எடுக்கணும்.

சேல்_சாமி:
ஒரு வருஷம் பொறுத்தா அது அஞ்சு டாலர்.

மதுர_பேடு:
நிண்டெண்டோ சரக்குக்குத் தள்ளுபடியா? பொறுங்க, உங்க பேரன் வாங்குவான்.