ரிவெட் அடித்த ரயில் பாலங்களில் விரிசல் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தடம்_47:
12 வருடம் ஆகியும் அந்த ரிவெட் மனதை விட்டுப் போகவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் நீளவாக்கில் போகும் விட்டமான ஸ்ட்ரிங்கர், குறுக்கு விட்டமான கிராஸ் கர்டரில் சேரும் இடம்; இரண்டையும் இணைக்கும் L வடிவ ஆங்கிளின் மேல்வரிசை. வண்டிகளை நிறுத்தி வேலைக்குத் தந்த நேரம் (பிளாக்) முடிய 20 நிமிடம்தான் இருந்தது. ரிவெட் தலையும் தகடும் சேரும் இடத்தில் விரலை வைத்து, மறுபக்கம் சுத்தியலால் தட்டினேன். சத்தம் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் விரல் நுனியில் ஒரு அதிர்வு, இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாத அளவுக்கு. தலையைச் சுற்றிப் பெயின்ட்டில் மயிரிழை மாதிரி ஒரு செம்பழுப்புக் கோடு. பழைய துரு என்று நினைத்து 'சரி' என்று எழுதிவிட்டு இறங்கினேன். அடுத்த ஆய்வில் வேறொருவர் பெயின்ட்டைச் சுரண்டி, விரிசலைக் காட்டும் சாயம் தடவிப் பார்த்தார். ஆங்கிளின் மடிப்பில் விரிசல். அதுவரை அத்தனை வண்டிகளும் அதன் மேல்தான் போயிருக்கின்றன.

கேஜ்காரர்:
சார், விரலைக் குற்றம் சொல்லாதீர்கள். ரிவெட் தளர்ந்ததா என்று மட்டும்தான் சுத்தியல் சொல்லும். தகட்டு விரிசல் ரிவெட் துளையின் ஓரத்தில், தலைக்கும் ஆங்கிளுக்கும் அடியில் பிறக்கும். வெளியே தெரியும்போது ஆயுளில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். நாங்கள் ஒரு பாலத்தில், இரும்பு எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டினோம். டிசைன் கணக்கில் ஸ்ட்ரிங்கரின் முனை கீல் மாதிரி தடையில்லாமல் திரும்பும், அங்கே வளைவே கிடையாது. சரக்கு வண்டி ஏறியதும் திரையில் கோடு எகிறியது. ஒவ்வொரு அச்சுக்கும் ஏறி இறங்கியது. எங்கள் அதிகாரி பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் சின்ன ஆங்கிள் முனையைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பிடிதான் மடிப்பைத் தின்கிறது. உங்கள் விரிசலும் அதுதான்.

மண்டபம்_பக்கம்:
கேஜ்காரரே, எல்லா இணைப்பிலும் கேஜ் ஒட்ட யாரிடம் நேரம் இருக்கிறது? பராமரிப்பு வேலை செய்யும் கேங்குக்குச் சுத்தியல்தான் துணை.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று. தளர்ந்த ரிவெட் தலையைச் சுற்றி யாரோ வெல்டிங் வைத்திருந்தார்கள். விரிசல் அந்த வெல்டிங்கிலிருந்தே கிளம்பித் தகட்டுக்குள் போயிருந்தது.

தயவுசெய்து பழைய இரும்பில் வெல்டிங் வைக்காதீர்கள். அந்தக் காலத்து இரும்பில் கந்தகமும் பாஸ்பரசும் அதிகம், சூடு பட்டால் நொறுங்கும். ஒரு நேரத்தில் ஒரு ரிவெட்டை மட்டும் எடுங்கள். எடுத்ததும் துளையின் உட்சுவரைச் சாயம் விட்டுப் பாருங்கள், அதைப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. துளையை ரீமர் விட்டுச் சீராக்கி, உயர்வலு போல்ட்டைப் போட்டு முழுசாக முறுக்குங்கள். சூட்டில் அடித்த ரிவெட் ஆறிச் சுருங்கித் தகடுகளை இறுக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு. போல்ட்டில் அந்தப் பிடியை நாம் தீர்மானிக்கலாம். வெட்டும் அதிர்ச்சியில் பக்கத்து ரிவெட்டுகளும் தளரும், அவற்றையும் தட்டிப் பாருங்கள். விரிசலின் நுனியில் துளை போட்டால் கொஞ்ச காலம் நிற்கும், ஆனால் நுனி எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்த பிறகு போடுங்கள். எங்கள் கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. துரு தகட்டை மெலியவைத்தால் அதே வண்டிக்கே தகைவு (இரும்பின் ஒவ்வொரு சதுர அளவும் தாங்கும் விசை) கூடும். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தை எத்தனை முறை பெயின்ட் அடித்துக் காப்பாற்றினார்கள் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள்.

கேஜ்காரர்:
வெல்டிங் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். ஆனால் வண்டியின் பாரம் எவ்வளவு என்று சுத்தியல் சொல்லாது அல்லவா! பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் சேரும் களைப்புச் சேதம், தகைவு ஏறி இறங்கும் வீச்சின் மூன்றாம் அடுக்கில் (கனத்தில்) ஏறும். அச்சுப்பாரம் 20.3 டன்னிலிருந்து 22.9 ஆனால் சேதம் ஏறத்தாழ 1.4 மடங்கு. கண்ணுக்கு அதே பாலம்தான்.

தடம்_47:
இருவருக்கும் நன்றி. நான் கேட்க வந்தது வேறு. அந்தச் செம்பழுப்புக் கோட்டை மட்டும் வைத்து யாராவது வேகக் கட்டுப்பாடு போட்டதுண்டா?

மண்டபம்_பக்கம்:
ஒருமுறை போட்டோம் அண்ணே. பெயின்ட்டைச் சுரண்டினால் ஒன்றும் இல்லை, தளர்ந்த ரிவெட் மட்டும்தான். மேலே இருந்து திட்டு விழுந்தது. அடுத்த முறையும் போட்டேன்.