புதுப்பிப்பு: பழைய குடி, கல்லீரல் பயம், இரண்டாவது ரத்தச் சோதனை

போன மாதம் கேட்டது இதுதான்: பத்து வருஷம் வாரக் கடைசியில் பீர், எப்போதாவது சம்சு (மலிவான உள்ளூர்ச் சாராயம்), இரண்டு வருஷமாகத் தொடவே இல்லை, ஆனாலும் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் கூடுதல்: ஏஎஸ்டி 74, ஏஎல்டி 58. கல்லீரல் போச்சா? பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

சரியாகப் பிடித்தது, "செம்பனைக் குலை வெட்டின மறுநாளா ரத்தம் குடுத்தீங்க?" என்று கேட்ட அண்ணன்தான். ஆமாம். ஏஎஸ்டி தசையிலும் உண்டு. நாள் முழுக்க செம்பனை அரிவாளை மேலே தூக்கி இழுத்தால் ஏறிவிடும். ஏழு நாள் பாரம் தூக்காமல் இருந்து, சுங்கை சிப்புட்டில் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி மறுபடி எடுத்தது: ஏஎஸ்டி 36, ஏஎல்டி 52, ஜிஜிடி (இன்னொரு கல்லீரல் நொதி) 31, பிளேட்லெட் (ரத்தத் தட்டணு, ஆயிரக் கணக்கில்) 250. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை.

அக்கா ஒருவர் சொன்ன ஃபிப்-4 கணக்கு (கல்லீரல் தழும்பை மதிப்பிட): வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் தொகையால் வகுக்கணும். 42 வயதுக்கு 0.84. 1.3-க்குக் கீழே என்றால் கல்லீரல் தழும்பேறியிருக்க வாய்ப்பு குறைவு. 35 வயதுக்குக் கீழ் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். 65-க்கு மேல் எல்லை 2.

எதிர்பாராதது: ஏஎல்டி அவ்வளவாக இறங்கவில்லை. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல். இடுப்பு 104 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு 90 தாண்டினாலே அதிகம். டாக்டர் பழைய பீரைப் பற்றிப் பேசவில்லை, நான் தினம் குடிக்கும் நாலு கிளாஸ் தே தாரிக்கைத்தான் (இனிப்புப் பால் டீ) குறை சொன்னார். 82 கிலோவில் 6 முதல் 8 குறைக்கணும், ஆறு மாதத்தில் மறு சோதனை.

'கல்லீரல் சுத்தம்' ஜாமு (மூலிகை மருந்து) வாங்கவில்லை. அதுவே ஏஎல்டியை ஏற்றலாமாம்.