1969 வங்கி தேசியமயம்: பொருளாதாரமா, கட்சிச் சண்டையா?

கேள்வி:
1969 ஜூலை 19-ல் 14 வங்கிகளை இந்திரா காந்தி அரசுடைமையாக்கினார். விவசாயிக்கும் சிறுதொழிலுக்கும் கடன் போகவில்லை என்பதுதான் காரணமா, இல்லை காங்கிரசின் மூத்த தலைவர்கள் குழுவான சிண்டிகேட்டை ஓரங்கட்டவா? எதற்கு அவ்வளவு அவசரம்?

பதில் 1:
தேதிகளைப் பாருங்கள், புரியும். ஜூலை 16-ல் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிபோகிறது, மூன்றே நாளில் அவசரச் சட்டம், அதில் கையெழுத்திட்ட தற்காலிக ஜனாதிபதி வி.வி.கிரி மறுநாளே பதவி விலகி ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறார். சிண்டிகேட் கொண்டுவந்த கட்சி வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி, இந்திரா ஆதரித்த கிரியிடம் தோற்றார். நவம்பரில் காங்கிரசே உடைந்தது, நம்ம காமராஜர் எதிரணியில். இதெல்லாம் தற்செயல் என்றால் நான் நம்பமாட்டேன்.

பதில் 2:
அரசியல் இருந்தது, சரி. ஆனால் பெரிய தனியார் வங்கிகள் தொழில் குடும்பங்களின் பிடியில் இருந்ததும், விவசாயத்துக்கு அங்கே கடன் கிடைப்பது அபூர்வம் என்பதும் பொய்யில்லையே. 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் உள்ள இந்திய வங்கிகளைத்தான் எடுத்தார்கள், வெளிநாட்டு வங்கிகளைத் தொடவில்லை. சென்னையின் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டும் பட்டியலில் இருந்தன. அப்புறம்தான் கிராமங்களில் கிளைகள் பெருகின.

பதில் 3:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பாரபட்சம் என்றும் இழப்பீடு சரியில்லை என்றும் சொல்லி அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சில நாளிலேயே புது அவசரச் சட்டம் வந்துவிட்டது! அதற்குள் கட்சி உடைந்து, திமுகவும் கம்யூனிஸ்டுகளும் கொடுத்த ஆதரவில்தான் அரசே ஓடிக்கொண்டிருந்தது. பின்வாங்க இந்திராவுக்கு ஏது வழி?